தோமையார் நாற்காலி

அநியாயம் நடந்தது ரெஜினாளுக்கு. பெரிய வியாழன் பூசையில் ஊர் பார்க்க உட்கார்ந்த நாற்காலியிலிருந்து, ஊர் பார்க்கவே அவரை எழுப்பி அனுப்பினார்கள். எழுப்பியவர் பங்குச்சாமியார் பிலவேந்திரர்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சம்மனசூரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சாமியாரிடமிருந்துதான் தொடங்குவார்கள். அவர் எப்படி மனம் நொந்தார், எப்படி இறங்கி வந்தார் என்று. எழுந்து போனது யார் என்று கேட்டால்தான் ரெஜினாள் பேர் வரும்.

ரெஜினாள் அந்த வட்டாரத்துக் கிராம நர்ஸ். வடக்குத் தெருவில் அவர் ஊசி போடாத தொடை கிடையாது. வலி எடுத்த பெண்களைத் தன் புருஷன் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் பறப்பார். அவசரப்பட்டு வழியிலேயே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குக் கொடி அறுத்ததும் அவர் கைதான். பிள்ளை பெற்ற வீட்டார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்ததும் காப்பியைத் தனி டம்ளரில் கொடுப்பார்கள். அவர் தெற்குத் தெரு.

சம்மனசூர்க் கோவிலில் பாதம் கழுவும் சடங்குக்கு இயேசுவின் சீடர்கள் பேரில் போடுகிற பன்னிரண்டு நாற்காலியும் வடக்குத் தெருவின் பன்னிரண்டு வீடுகளுக்குப் பாத்தியப்பட்டவை. இராயப்பர் நாற்காலி நாட்டாண்மை வீட்டுக்கு. அருளப்பர் நாற்காலி மச்சுவீட்டுக்காரர்களுக்கு. அப்பன் போனால் மகன். ஆண்டவர் சீடர்களின் புழுதிக் காலைக் கழுவினார். இங்கே சீடர்கள் வீட்டிலேயே வாசனைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டு வருவார்கள். அதில் யூதாஸ் நாற்காலி எது என்று மட்டும் எந்த வீடும் ஒத்துக்கொண்டதில்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் விரலை நீட்டும். நீட்டப்பட்டவர் முறைப்பார்.

அந்த வருஷம் தோமையார் நாற்காலிக்கு ஆளில்லாமல் போயிற்று. அந்த வீட்டார் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் குடியேறிவிட்டார்கள். பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று உரோமையிலிருந்து அனுமதி வந்தும் சில வருஷம் ஆகியிருந்தது. பெரிய வியாழனுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று பிலவேந்திரர் சாமி பீடத்தில் நின்று அறிவித்தார்.

"தோமையார் நாற்காலியில இந்தத் தடவை நம்ம நர்சம்மா ரெஜினாள் உட்காருவாங்க."

தெற்குத் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். வடக்குத் தெருப் பக்கமிருந்து ஒரு இருமல் மட்டும் கேட்டது.

புதன்கிழமை நாட்டாண்மை மரிய செபஸ்தியான் சாமியார் தங்குகிற அறைவீட்டுக்கு வந்தார்.

"பொம்பளை காலு, சாமி..."

"உரோமையே ஒத்துக்கிட்டாச்சு."

"உரோமைக்கு நம்ம ஊரு தெரியாதுல்ல."

"சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"சொல்லித்தான் ஆகணுமா? எங்க வரிசையில தெற்குத் தெரு உட்கார்ந்தா, மத்த பதினோரு பேரும் எந்திரிச்சுப் போயிருவோம். அப்புறம் உங்க இஷ்டம்."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு உங்க குருப்பட்ட வெள்ளிவிழா. பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. பேண்டு செட்டும் பேசியாச்சு. எல்லாம் நல்லபடியா நடக்கணும்ல, சாமி?"

பிலவேந்திரர் ஓடிப்போய் நாட்டாண்மையின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கையைப் பிடித்தது நிஜம். கண் கலங்கியதும் நிஜம். நாட்டாண்மை கையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

ரெஜினாளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் சாயங்காலம் வெள்ளைச் சேலை கட்டி வந்து, தோமையார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பதினோரு பேர் எழுந்தார்கள்.

பிலவேந்திரர் பீடத்தை விட்டு இறங்கி வந்தார். குனிந்து ரெஜினாளின் காதருகே சொன்னார்:

"எந்திரிச்சுப் பின்னால போம்மா. இந்த அவமானத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. 'நான்'ங்கிறதை விட்டவங்களுக்குத்தான் மோட்சம். தாழ்மையா இரு."

அங்கியில் குத்தியிருந்த மைக்கை அவர் மறந்துபோனார். அந்த ரகசியம் கோபுரத்து ஒலிபெருக்கி வழியாகப் பக்கத்து ஊர்வரை கேட்டது.

ரெஜினாள் எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிசைக்கு நடந்தார். பதினோரு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். காலி நாற்காலி கண்ணை உறுத்தக் கூடாதே என்று, வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த நாட்டாண்மையின் மச்சானை இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். தோப்பிலிருந்து நேரே வந்த கால். தட்டுத் தண்ணீர் சேறாகிவிட்டது. அந்தக் கோவிலில் பாதம் கழுவியபோது மெய்யாகவே அழுக்குப் போனது அந்த வருஷம்தான்.

பூசை முடிந்து சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்கு ரெஜினாள் வந்தார். அழவில்லை.

"ஒரு சந்தேகம், சாமி."

"சொல்லும்மா."

"இயேசு சாமி மேல இருந்தாரு, இறங்கி வந்தாரு. சரி. ஏற்கெனவே கீழே இருக்கிறவ எங்கே சாமி இறங்குறது?"

பிலவேந்திரர் இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அது அவிழவில்லை.

"நாளைக்குப் பேசுவோம்மா."

"நாளைக்குப் பெரிய வெள்ளி. நீங்க பேச மாட்டீங்க. சிலுவைக்கு முத்தம் குடுக்கச் சொல்வீங்க."

பெரிய வெள்ளிக்கு ரெஜினாள் வரவில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை.

*

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை பிலவேந்திரர் சலேத் அம்மாவைப் பார்க்கப் போனார்.

சலேத் அம்மா மடத்தின் அனுமதியோடு தனிமைக்கு வந்த கன்னியாஸ்திரி. ஊருக்கு மேற்கே கரட்டடியில் ஒரு குடிசை, ஒரு கிணறு, நாலு புளியமரம். பிலவேந்திரரைவிடப் பத்து வயது இளையவர். முன்பு ஒருநாள் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு, சாமி. யாருக்குச் சொன்னீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து பிலவேந்திரர் அவருக்குச் சீடர். ஒரு சாமியாருக்குப் பெண் குருவா என்று மற்ற சாமியார்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சலேத் அம்மா பாயில் உட்கார்ந்து புளியம்பழம் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பிலவேந்திரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"எனக்கு அவளை உட்காரவைக்கத்தான் ஆசை, அம்மா. ஊர் ரெண்டுபடக் கூடாதுன்னு என் ஆசையை நானே கொன்னேன். என் வயசென்ன, என் பட்டமென்ன, போயும் போயும் ஒரு நாட்டாண்மை கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். தன்னை விடுறதுன்னா இதுதானே? நீங்க சொல்லிக்கொடுத்தது இதுதானே?"

கல்லில் ஒரு புளி நசுங்கியது.

"ஆனா மனசு அடங்கலை. அவ கேட்டது முள்ளு மாதிரி நிக்குது."

"என்ன கேட்டாங்க?"

"கீழே இருக்கிறவ எங்கே இறங்குறதுன்னு கேட்டா. அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. போய் அவகிட்டச் சொல்லணும்."

"முக்காலியை விட்டு இறங்குங்க, சாமி."

அவர் இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

பாயை விட்டு மண்தரைக்கு நகர்ந்தார்.

"இன்னும்."

அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. குருப்பட்டம் வாங்கிய நாளில் பீடத்தின் முன்னால் குப்புறக் கிடந்தது நினைவு வந்தது. அதே மாதிரி கைகளை மடித்து, நெற்றி தரையில் பட, நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். நெஞ்சு விம்மியது.

"இன்னும் கொஞ்சம் இறங்குங்க."

"இதுக்குக் கீழே எங்கம்மா இறங்குறது? அதான் தரை வந்தாச்சே!"

சலேத் அம்மா அடுத்த புளியை எடுத்துக் கல்லில் வைத்தார். தட்டினார். கொட்டை தெறித்து பிலவேந்திரரின் காதருகே விழுந்தது.

தன் வாயிலிருந்து வந்ததை அவர் அப்போதுதான் கேட்டார்.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும், அம்மா?"

"முதல்ல அங்கியைத் தட்டுங்க. எறும்பு ஏறுது."

தட்டினார். "அப்புறம்?"

"என்ன செய்யணும்னு அவங்களைக் கேளுங்க."

"யாரை?"

சலேத் அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் குனிந்து புளி தட்டத் தொடங்கினார்.

*

கரட்டடியிலிருந்து திரும்பும்போதே பிலவேந்திரருக்கு யோசனை வந்துவிட்டது. கேட்பதற்கு என்ன இருக்கிறது? கழுவாமல் விட்ட காலைப் போய்க் கழுவ வேண்டும். அவள் வீட்டுக்கே போய், அவள் வாசலில் மண்டியிட்டு. அந்தக் காட்சி அவர் கண்முன் எழுந்தது. அதைப் பார்த்து அவருக்கே கண்ணீர் வந்தது.

வெயில் தாழ்ந்ததும் கோவில் தட்டையும் துண்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனார்.

ரெஜினாளின் புருஷன் சூசைராசு வாசலில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். சாமியாரைக் கண்டதும் குழாயை மூடினார்.

"வாங்க, சாமி. எங்க வீட்டு நாற்காலியில தைரியமா உட்காரலாம். யாரும் எழுப்ப மாட்டோம்."

"சும்மா இருங்க," என்று உள்ளேயிருந்து ரெஜினாள் வந்தார்.

பிலவேந்திரர் தட்டை எடுத்துக் கீழே வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டியிட்டார்.

"உட்காரும்மா. உன் காலைக் கழுவ வந்திருக்கேன்."

சூசைராசு சிரித்தார். "யூதாசு யாருன்னு வருஷா வருஷம் ஊரே அடிச்சுக்கும். இந்த வருஷம்தான் யாருக்கும் சந்தேகமில்லை."

பிலவேந்திரர் தலையைத் தாழ்த்தி அதை வாங்கிக்கொண்டார். அந்த வசவையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். ஒப்புக்கொடுத்ததில் ஒரு இதம்கூட இருந்தது.

ரெஜினாள் தட்டைப் பார்த்தார். பிறகு சாமியாரின் செருப்பைப் பார்த்தார். அதில் பச்சைப் புல்லும் சேறும் ஒட்டியிருந்தன.

"எந்தப் பக்கமா வந்தீங்க, சாமி?"

"வாய்க்கால் வரப்பு வழியா."

"ஏன்? தெரு இருக்கே."

தெரு வழியாக வந்தால் நாட்டாண்மை வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"எழுப்பினது மைக்கில. கழுவ வர்றது வரப்பு வழியிலயா?"

"ரெஜினா, நான் தாழ்ந்து வந்திருக்கேன்..."

"தெரியுது. நல்லாத்தான் தாழ்ந்திருக்கீங்க. உங்க மனசைக் கழுவிக்க என் காலு வேணும். அதானே?"

"இயேசு காலைக் கழுவ வந்தப்ப இராயப்பரும் முதல்ல மாட்டேன்னுதாம்மா சொன்னாரு."

"அவரு நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு மாட்டேன்னாரு, சாமி. அவரை யாரும் எழுப்பிவிடலை."

பிலவேந்திரர் மண்டியிட்டபடியே இருந்தார். தெருவில் ஒரு ஆடு கத்தியது.

"எந்திரிங்க," என்றார் ரெஜினாள். "முகம் வீங்கியிருக்கு. பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"ரெண்டு நாளா போடலை."

"போடாம எதுக்கு அலையிறீங்க? உட்காருங்க. காப்பி போடுறேன்."

அவர் உட்கார்ந்தார். காப்பி வந்தது. இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான்.

திரும்பி நடக்கும்போது பாதி வரப்பில் சலேத் அம்மா சொன்னது நினைவு வந்தது. என்ன செய்யணும்னு அவங்களைக் கேளுங்க. கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று ஒரு கணம் நின்றார். வேண்டாம், இப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டதே என்று நடந்தார்.

*

வெள்ளிவிழா ஞாயிறு. பந்தல், வாழைமரம், பேண்டு செட்டு. வாசலில் அவர் படத்தோடு ஆள் உயரப் பேனர். நாட்டாண்மை சரிகை மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார். பிலவேந்திரர் மாலையோடு பீடத்துக்குப் போனார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது நல்லாக் கேக்குதா?"

"கேக்குது, சாமி!" என்றது கூட்டம்.

"பெரிய வியாழன் அன்னிக்கும் கேட்டுச்சு. ரெஜினாளை எழுப்பினது வடக்குத் தெருன்னு நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். அது பொய். எழுப்பினது நான். ஏன்னா எனக்கு இந்தப் பந்தல் வேணும்னு இருந்துச்சு. இந்த மாலை வேணும்னு இருந்துச்சு."

மாலையைக் கழற்றினார். பொன்னாடையைக் கழற்றினார். சனங்களைப் பார்த்து மண்டியிட்டார்.

"ரெஜினாள் கிட்டவும் தெற்குத் தெரு கிட்டவும் மன்னிப்புக் கேக்குறேன். எனக்கு விழா வேண்டாம்."

நாட்டாண்மை எழுந்து வெளியே போனார். வீடு வீடாக வடக்குத் தெரு அவர் பின்னால் போனது. பேண்டு செட்டுக்காரர்கள் வாசிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெற்குத் தெருப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

ரெஜினாள் அங்கே இல்லை. சுகாதார நிலையத்தில் ஒரு பிரசவம். கூட்டத்தில் இருந்த கல்லூரிப் பையன் எடுத்த வீடியோவை, கைகழுவிவிட்டு வந்து, யாரோ நீட்டிய போனில் ஈரக் கையோடு பார்த்தார்.

அந்த வீடியோவை ஊர் உலகமெல்லாம் பார்த்தது. முகம் தெரியாதவர்கள் போன் போட்டு, உங்களைப் போல ஒரு தாழ்மையைப் பார்த்ததில்லை என்று அழுதார்கள். பிலவேந்திரருக்கு அது பயமாக இருந்தது. மெய்யாகவே பயந்தார். இந்தப் புகழிலிருந்தும் தப்பிக்க வேண்டும் என்று ஆயருக்கு எழுதி, பங்குப் பொறுப்பைத் தன்னிடமிருந்து எடுத்துவிடச் சொன்னார். எங்கோ தூரத்தில் ஒரு தொழுநோயாளர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள்.

ஒரு பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது, மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரெஜினாள் வந்தார்.

"போறீங்களா, சாமி?"

"எல்லாத்தையும் விட்டுட்டேம்மா. இனி இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு?"

"நேத்து நாட்டாண்மை வீட்டுப் பேரப்பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொண்டு போனேன். வீட்டில ஆளில்லைன்னு உள்ளேயிருந்தே ஒரு ஆளு சொல்லுது." சிரித்தார். "சாமியாரைக் கெடுத்து அனுப்பினவளாம் நானு. தெருவே கதவைச் சாத்திக்கிச்சு."

பிலவேந்திரரின் நாக்கு நுனிவரை ஒரு சொல் வந்தது. ஒப்புக்கொடு என்கிற சொல். கடித்து விழுங்கினார்.

"உனக்காக வேண்டிக்குவேன்."

"வேண்டிக்கங்க. நாங்க இங்கதானே இருப்போம்."

பஸ் வந்தது.

*

ஒரு வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு மறுநாள், பிலவேந்திரர் கரட்டடிக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் பழைய துணிப்பை ஒன்றுதான்.

சலேத் அம்மா ஏணி போட்டு ஏறிக் கூரைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கீற்றை எடுத்துக் கொடுங்க, சாமி."

அவர் எடுத்துக் கொடுத்தார். கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினார். முன்பு போல அவசரமாகப் பேசவில்லை.

"அங்கே காலையில புண் கழுவிக் கட்டுற வேலை. ஆரம்பத்துல ஒவ்வொரு புண்ணையும் கழுவுறப்ப எனக்குக் கண்ணீர் வரும். இப்ப வர்றதில்லை. புண்ணுதான் தெரியுது. அது நல்லதா, அம்மா?"

"நல்லதுதான்."

"செமினரியில இருந்து கூப்பிட்டாங்க. தாழ்மையைப் பத்திப் பசங்களுக்குப் பேசணுமாம். வேண்டாம்னுட்டேன்."

"அதுவும் நல்லதுதான். கயிறு."

கயிற்றை நீட்டினார்.

"அங்கே யாருக்கும் என் பேரு தெரியாது. கட்டுப் போடுற சாமின்னுதான் கூப்பிடுறாங்க. ஒருத்தர் டேய்னு கூப்பிட்டாரு. எனக்குக் கோபம் வரலை. கோபம் வரலையேன்னு சந்தோஷமும் வரலை."

சலேத் அம்மா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முகத்தில் ஒரு கனிவு வந்தது. அது பிலவேந்திரருக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்ததே இல்லை. அதனால் தைரியம் வந்து, கேட்க வந்ததைக் கேட்டார்.

"விழாவை விட்டேன். பங்கை விட்டேன். பேரை விட்டேன். 'நான்'னு சொல்லக்கூட வாய் கூசுது. இனி விடுறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லை. இறங்கி முடிச்சுட்டேனா, அம்மா?"

சலேத் அம்மா ஏணியிலிருந்து இறங்கினார். உள்ளங்கையில் ஏறியிருந்த சிலாம்பைப் பிடுங்கிப் போட்டார். சீடரின் முகத்துக்கு நேராக நின்றார்.

"போன வாரம் பெரிய வியாழன் அன்னிக்கு ரெஜினாள் எங்கே உட்கார்ந்தாங்க, சாமி?"